காலுக்குத் தந்த குளிசை

அமிர்தகழி,
12.02.2024

அன்புள்ள தங்கை புனிதவதிக்கு,

எனக்கு மூளை பிசகிவிட்டது என்று வாழைச்சேனை வரை கதை வந்திருப்பதாக அறிந்தேன். அது பிழை. பிசகியிருப்பது என் பாதங்களிலுள்ள நரம்புகள். இதைத் திருத்திவிட்டுத்தான் உன் சுகத்தை விசாரிக்கிறேன். கொன்வென்டில் மதர் பெர்னதெத் கற்பித்த ஒழுங்கு இதுவல்ல என்று எனக்குத் தெரியும்; மன்னித்துக்கொள்.

உன் முழங்கால் எப்படி? கஜானி சுகமா? வதனி மெலிந்து போகாமல் இருக்கிறாளா? கம்பஸ் படிப்புக்காக நாலு வருடம் என்னோடு இருந்தபோது அந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் ஓடப் பார்ப்பாள், நான் விடுவதில்லை. தாய் கஜானியும் அம்மம்மா நீயும் விட்டுவிடுவீர்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். தொலைபேசியில் எனக்குப் பாதிதான் கேட்கிறது, ஆகவே எழுதுகிறேன்.

இரண்டு வருடமாக என் பாதங்கள் எரிகின்றன. மத்தியான வெயிலில் தார் றோட்டில் செருப்பில்லாமல் நிற்பதைப் போல. படுத்தாலும் அந்த றோட்டில்தான் நிற்கிறேன். போர்வை பட்டாலும் தாங்காது. பனடோலுக்கும் கேட்கவில்லை. தை மாதம் சீனி வருத்தக் கிளினிக்கில் ஒரு இளம் டொக்டர் நைலோன் நூலால் என் பாதத்தைத் தொட்டுத் தொட்டு, "தெரியுதா அம்மா? இப்ப தெரியுதா?" என்று கேட்டார். இவ்வளவு எரிகிற காலுக்கு அந்த நூல் தெரியவில்லை. எனக்கு அது வெட்கமாக இருந்தது.

அவர் எழுதித் தந்த மருந்தின் பெயர் அமிட்ரிப்டிலின். பத்து மில்லிகிராம். பின்னேரச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அம்மா, இது மனச்சோர்வுக்குக் குடுக்கிற மருந்துதான். உங்களுக்கு மனசுக்கு இல்ல, காலுக்குத் தாறன். கொஞ்சமாக் குடுத்தா நரம்பு கத்துறதைக் குறைக்கும். வேலை செய்ய ரெண்டு மூண்டு கிழமை போகும். நினைச்ச உடனே நிப்பாட்டக் கூடாது." ஆஸ்பத்திரியில் அன்று இருப்பு இல்லை. வெளியே பாமசிக்குப் போனேன். அங்கே நின்ற பிள்ளை டொக்டரின் துண்டை வாசித்துவிட்டு, "இது மன வருத்தக்காரருக்குக் குடுக்கிறதெல்லோ, ஆருக்கு?" என்று வரிசை முழுவதற்கும் கேட்கும்படி கேட்டாள். வரிசையில் எனக்குப் பின்னால் அடுத்த வளவு ஆச்சிப்பிள்ளை நின்றாள். "எனக்கு" என்றேன். கதை அங்கிருந்துதான் புறப்பட்டது.

குளிசை தொடங்கி இருபதாம் நாள் எரிவு பாதியாயிற்று. வாய் காய்கிறது, உமி தின்றதைப் போல. அது பெரிதல்ல.

இந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்து. யாராவது கேட்டால் வாயால் விளக்கம் சொல்லி நிற்காதே. இதை எடுத்துக் காட்டு.

உன் அன்புள்ள அக்கா,
மங்கையற்கரசி


வாழைச்சேனை,
26.02.2024

அன்புள்ள அக்கா அறிவது,

திகதி போடாவிட்டால் ஏசுவீர்கள் என்று முதலில் திகதியைத்தான் போட்டேன். மாமாங்கேஸ்வரர் கிருபையால் எல்லோரும் சுகம். முழங்கால் அப்படியே இருக்கிறது. உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அழுதேன் அக்கா, நிம்மதியில். ஆச்சிப்பிள்ளையின் மருமகள் இங்கே சந்தையில் வந்து என்னென்னவோ சொல்லிவிட்டாள். இப்போதுதான் எனக்குச் சோறு இறங்குகிறது.

ஒரு நல்ல சேதி. வதனிக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. செங்கலடிப் பொடியன், பெயர் திவாகரன், பிரதேச செயலகத்தில் வேலை. வதனிக்கும் பிடித்திருக்கிறது. போனில் அவனோடு பேசிவிட்டு வருகிறபோது முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. தாய்க்காரிதான் கொஞ்சம் கடுமை. வந்த முதல் நாளே கேட்டா: "பிள்ளைக்குக் குடி, வம்சம் எல்லாம் தாயாலதானே வாற. அதால நாங்க தகப்பன் பக்கம் கேக்கிற இல்ல. தாய் வழியில ஆருக்கும் என்னவும் வருத்தம் இரிக்கா?" சீனி இருக்கிறது, முழங்கால் இருக்கிறது என்றேன். "அது எல்லாருக்கும் இரிக்கி" என்று சிரித்தா.

எல்லாம் சரிவரும் என்று நினைக்கிறேன். மருந்தை ஒழுங்காக எடுங்கள்.

இப்படிக்கு,
தங்கை புனிதம்


அமிர்தகழி,
09.03.2024

அன்புள்ள புனிதம்,

உன் கடிதம் கிடைத்தது. திகதிக்கு நன்றி.

நான் நல்ல சுகம். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை. நேற்று நித்திரைக்குப் போனவள் காகம் கத்தியபின்தான் எழும்பினேன். அவர் காலமாகி ஒன்பது வருடத்தில் இப்படித் தூங்கியதில்லை. செவ்வாய்க்கிழமை கோயில் வரை நடந்து போய், நடந்து வந்தேன். வழியில் தபால்காரர் ரிஸ்கான் சைக்கிளை நிறுத்தி, "மெடம், இந்த ஊரில கடிதம் எழுதுற ஆள் நீங்க ஒராள்தான். உங்களுக்காகத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் தருது, சுகமா இரிங்க" என்றார். நான் இருபத்தாறு வருடம் உப தபாலதிபராக இருந்தவள். அந்த வேலைக்கு வந்திருக்கிற நிலையை நினைத்துக் கோபப்பட்டிருக்க வேண்டும். ஆனால் சிரித்தேன். நான் சிரித்ததைக் கண்டு அவர்தான் பயந்துபோனார்.

வதனியின் சேதி கேட்டு மிகவும் சந்தோஷம். பொடியன் நிரந்தர நியமனமா, தற்காலிகமா என்று விசாரி. எனக்குப் பிள்ளை இல்லை. இந்த வீடும் வளவும் அவளுக்குத்தான் என்று அவளுக்கும் உனக்கும் தெரியும். சம்பந்தக்காரருக்கும் சொல்லலாம். அவளுக்கென்று வைத்த அறையை வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா


வாழைச்சேனை,
04.04.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா இருக்கிறீர்களா? நாங்கள் சுகம் என்று எழுத மனம் வரவில்லை.

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மூன்று கிழமை எழுதாமல் இருந்தேன். போன மாதம் திவாகரனின் தாய் வந்தா. சந்தைக் கதை அவவின் காதுக்கும் போயிருக்கிறது. முகத்தை நீட்டிக்கொண்டு இருந்தா. நான் பொய் சொல்லவில்லை அக்கா. நீங்கள் சொன்னபடியே உங்கள் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். "எங்கட அக்கா பொய் எழுத மாட்டா, வாசிச்சுப் பாருங்க" என்று பெருமையோடுதான் கொடுத்தேன்.

அவ முழுவதும் வாசித்தா. மருந்தின் பெயருக்கு வந்ததும் விரலை வைத்துக்கொண்டு மகனைக் கூப்பிட்டா. "தம்பி, இத போனில அடிச்சுப் பார்." அவன் பார்த்தான். அதில் முதல் வரியிலேயே மன வருத்தத்துக்கு என்று இருக்கிறதாம். "காலுக்கு எண்டு எழுதியிரிக்காவே அம்மா" என்று அவன் சொன்னான். அதற்கு அவ, "விசருக்கு மருந்து எடுக்கிற ஆரு மனே தனக்கு விசர் எண்டு எழுதுவாங்க?" என்றா. கஜானி அடுப்படியில் நின்று அழுதாள்.

போகும்போது ஒரு வழி சொல்லிவிட்டுப் போனா. அந்தக் குளிசை இல்லாமல் உங்களால் சாதாரணமாக இருக்க முடியுமென்றால் தனக்கு வேறு பேச்சு இல்லையாம். சில மாதம் பார்ப்போம் என்றா.

அக்கா, ஆவணியில் கலியாணம் வைக்கலாம். அதுவரைக்கும் மட்டும் அந்தக் குளிசையை நிற்பாட்ட முடியுமா? கலியாணத்துக்கு மறுநாளே திரும்பவும் தொடங்கலாம். இன்னுமொன்று. நீங்கள் குணமாகிவிட்டதாக அவவுக்கு இரண்டு வரி எழுதினால் நல்லது. உங்கள் எழுத்துக்கு மரியாதை இருக்கிறது. வதனி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. அவளுக்கு இது ஒன்றும் நான் விளக்கமாகச் சொல்லவில்லை. பேச்சு இழுபடுகிறது என்று மட்டும் தெரியும்.

இப்படிக்கு,
புனிதம்


அமிர்தகழி,
08.04.2024

அன்புள்ள புனிதம்,

அனைவரின் சுகத்துக்கும் பிரார்த்திக்கிறேன்.

உன் கடிதம் இன்று பகல் வந்தது. குளிசையை இன்று பின்னேரத்திலிருந்து நிறுத்துகிறேன். மீதி முப்பத்தொரு குளிசை அலுமாரியில் இருக்கிறது. நினைத்தவுடன் நிறுத்தக் கூடாது என்று டொக்டர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. நிறுத்துகிறேன். சீனிக்கான குளிசையை எடுப்பேன். அதைப் பற்றி யாருக்கும் பேச்சு இருக்காது என்று நினைக்கிறேன்.

குணமாகிவிட்டேன் என்று எழுத மாட்டேன். இல்லாத வருத்தத்திலிருந்து குணமாக முடியாது.

வதனியைச் சாப்பிடச் சொல்.

அக்கா


வாழைச்சேனை,
27.05.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு மாமாங்கேஸ்வரரைக் கும்பிடுகிறேன்.

உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்! நீங்கள் நிறுத்தியதை நான் சொன்னேன். அவ நம்பினா. போன ஞாயிற்றுக்கிழமை வந்து பேச்சை முடித்துவிட்டுப் போனார்கள். ஆவணி இருபத்தாறு. வதனி தன் சிநேகிதிகளுக்கெல்லாம் சொல்லிவிட்டாள். சேலை நிறத்துக்காகத் தாயோடு ஒரு நாள் முழுக்கச் சண்டை. வீடு வீடாக இருக்கிறது.

ஒரேயொரு காரியம். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கக் கோயிலுக்கு வருகிறார்களாம். அப்படியே உங்களையும் கண்டு போக வேண்டுமாம். "பெரியவவக் கண்ணால கண்டா எனக்கும் மனம் ஆறும்" என்றா. நானும் கஜானியும் கூட வருவோம். கலியாணப் பிள்ளை அந்தக் கூட்டத்துக்குள் வேண்டாமென்று வதனியை விட்டுவிட்டு வருகிறோம். நீங்கள் எப்போதும்போல நிமிர்ந்து இருந்து நாலு வார்த்தை பேசினால் போதும்.

இப்படிக்கு,
புனிதம்

பி.கு.: கால் எப்படி?


அமிர்தகழி,
02.07.2024

அன்புள்ள புனிதம்,

உங்கள் எல்லோரின் சுகமும் அறிந்து மகிழ்ச்சி. பதில் பிந்தியதற்கு மன்னிக்கவும். ஐந்து கிழமை பிந்தி நான் யாருக்கும் பதில் எழுதியதில்லை.

உன் பின்குறிப்புக்குப் பதில்: கால் இருக்கிறது.

வதனி எந்த நிறம் எடுத்தாள் என்று நீ எழுதவில்லை. அவளுக்குக் கடும் சிவப்பு பொருந்தாது. கத்தரிப்பூ நிறம் பொருந்தும். இதை நான் சொன்னதாகச் சொல்.

இந்தக் கடிதத்தின் எழுத்து சரியாக இருக்காது. கதிரையில் இருந்து, வாளித் தண்ணீருக்குள் காலை வைத்துக்கொண்டு, மடியில் பலகை வைத்து எழுதுகிறேன். இப்போது அதிக நேரம் இப்படித்தான். ஆச்சிப்பிள்ளை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்ன கா மங்கை, காலையில இரிந்து வாளிக்குள்ளயே நிக்கிறா? நாத்தா நடப்போற?"

"சூடாக இருக்கிறது" என்றேன்.

"காலுக்குச் சூடெண்டா தலைக்கும் ஏறும் கா. பாத்துக்க. நேத்துப் பின்னேரம் தனியக் கதைச்ச சத்தம் கேட்டிச்சு."

 தனியாகக் கதைத்தது உண்மை. தேவாரம் சொன்னால் கொஞ்ச நேரம் மனம் காலைவிட்டுப் போகிறது. நடுவில் அடுத்த அடி மறந்துபோனால் திரும்பவும் முதலிலிருந்து தொடங்குவேன். அதுதான் வேலிக்கு அப்பால் கேட்டிருக்கும்.

அலுமாரியை வீட்டுக்கு வேலைக்கு வருகிற நஸீபாவிடம் பூட்டச் சொல்லி, திறப்பை அவளிடமே கொடுத்துவிட்டேன். ஆவணி இருபத்தேழாம் திகதி கேட்டு வாங்குவேன். இரண்டாம் பக்கத்தில் மை ஊறியிருந்தால் அது வாளித் தண்ணீர்.

அவர்கள் தாராளமாக வரட்டும். வீடு சுத்தமாக இருக்கும்.

அன்புடன்,
அக்கா


வாழைச்சேனை,
22.07.2024

அன்புள்ள அக்கா,

நலம்தானே? அவசரத்தில் எழுதுகிறேன். தீர்த்தத்தன்று, நாலாம் திகதி காலை பத்து மணிக்கு வான் வண்டியில் வருவோம். நீலப் பட்டுச் சேலையை உடுத்துக்கொண்டு இருங்கள். பலகாரத்துக்கு அலைய வேண்டாம், நாங்கள் கொண்டு வருகிறோம். மருந்துப் பெட்டி ஒன்றும் வெளியில் கண்ணில் படாமல் இருந்தால் நல்லது. வாளியும்.

வதனி எடுத்தது கத்தரிப்பூ நிறம்தான்.

புனிதம்


அமிர்தகழி,
05.08.2024

புனிதம்,

நேற்று நீ கண்டது கடைசிக் கால் மணித்தியாலத்தை மட்டும். அதற்கு முன் நடந்ததை எழுதுகிறேன். சுகம் விசாரிக்க இன்று எனக்கு வார்த்தை வரவில்லை.

நீ சொன்னபடி வாளியை மறைத்து வைத்தேன். ஏழு மணிக்கே நீலப் பட்டு உடுத்து விறாந்தையில் இருந்தேன். அதற்கு முந்திய மூன்று நாளும் நான் நித்திரை கொள்ளவில்லை. பத்து மணி ஆயிற்று, நீங்கள் வரவில்லை. தீர்த்தக் கூட்டத்தில் றோட்டை மறித்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பதினொரு மணி. நஸீபா, "உம்மாவாணை, கொஞ்ச நேரம் கால நனைச்சுப்போட்டு வாங்க, நான் பாத்துக்கிறன்" என்றாள். மாட்டேன் என்றேன். நீங்கள் வரும்போது நான் கதிரையில் நிமிர்ந்து இருக்க வேண்டும். பதினொன்றரைக்கு, இனி ஒரு நிமிடம் இருந்தால் விருந்தாளிகளுக்கு முன்னால் அலறிவிடுவேன் என்று தெரிந்துவிட்டது.

அதனால்தான் வளவின் பின்பக்கத்தால் வாவிக்கு இறங்கினேன். பாதத்தை நனைத்துவிட்டுத் திரும்புவதற்குத்தான். கணுக்கால் மட்டும் என்று நினைத்தேன். குளிர் பட்டதும் இன்னும் இரண்டு அடி வைத்தேன். பிறகு தண்ணீருக்குள் குந்திவிட்டேன். பட்டுச் சேலையோடு இடுப்பளவு தண்ணீரில் இருந்தேன். எரிவு நின்றது, புனிதம். நாலு மாதத்துக்குப் பிறகு நின்றது. நான் சத்தமாக அழுதேன். யாரையோ தூஷணத்தில் ஏசிக்கொண்டிருந்தேன் என்று சொல்கிறார்களாம். தூஷணம் இல்லை. ஏசியது உண்மை. என் கால்களை ஏசினேன்.

வான் போக வழியில்லாமல் நீங்கள் வாவிக்கரையால் நடந்து வருவீர்கள் என்று நான் எப்படி அறிவேன்?

திவாகரனின் தாய் என்னைப் பார்த்து, "பாவம்" என்றா. அந்த ஒரு சொல்தான். கோபமாகச் சொல்லவில்லை. திவாகரன் சப்பாத்தோடு தண்ணீருக்குள் இறங்கி எனக்குக் கை தந்து, "மெல்ல வாங்க அம்மம்மா" என்றான். நல்ல பிள்ளை. நீ கரையில் நின்றாய். "அக்காவுக்குக் கால் எரிவு" என்று நாலு பேருக்கும் கேட்க ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். நீ சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நின்றாய்.

இனி என்ன செய்ய வேண்டுமென்று எழுது. அவர்களிடம் நானே நேரில் போய் விளக்கம் சொல்ல ஆயத்தமாக இருக்கிறேன்.

அக்கா


வாழைச்சேனை,
29.08.2024

அக்காவுக்கு,

நீங்கள் போய்ச் சொல்ல இனி ஒன்றும் இல்லை. தாம்பாளத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். திவாகரன் இரண்டு நாள் தாயோடு சண்டை பிடித்தானாம். பிறகு அவனும் போன் எடுப்பதில்லை. "மருந்து எடுத்தாலும் விசர், எடுக்காட்டியும் விசர். அந்தக் குடிக்குள்ள நான் எப்பிடிப் பிள்ளையக் குடுக்கிற?" என்று அவ கேட்டாவாம். செங்கலடி முழுவதும் இதுதான் பேச்சு. இனி எங்களிடம் யார் வந்து பெண் கேட்பான்?

வதனி அறையை விட்டு வெளியே வருவதில்லை. கஜானி என்னோடு பேசுவதில்லை.

நான் உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அவ்வளவு தாங்க முடியாவிட்டால் அன்றைக்கு மட்டும் காலையில் ஒரு குளிசையைப் போட்டுக்கொண்டு இருந்திருக்கலாம்தானே? யாருக்குத் தெரியப் போகிறது? ஒரு நாள். ஒரேயொரு நாள் அக்கா.

புனிதம்


மட்டக்களப்பு,
30.09.2024

அன்புள்ள புனிதம்,

நீங்கள் மூவரும் உடல் நலத்தோடு இருக்க வேண்டும்.

இதை ஆஸ்பத்திரி விடுதிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். பதிவுத் தபாலில் அனுப்ப ரிஸ்கானிடம் கொடுப்பேன். அவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பார்க்க வந்தார்; சீனிக்காரிக்கு வாழைப்பழம்.

வாவிக்குள் இறங்கிய அன்று இடது காலில் சிப்பி வெட்டியிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. வெட்டியது தெரியாமல் எரிவு மட்டும் தெரிகிற கால் இது. நஸீபா கண்டபோது பத்து நாள் கடந்து, மணக்கத் தொடங்கிவிட்டது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். எடுத்த விரல்களும் எரிகின்றன. இல்லாத விரல் எப்படி எரியும் என்று என்னைக் கேட்காதே. இதையும் விசர் என்று சொல்வார்கள்.

உன் கேள்விக்குப் பதில். அது பனடோல் அல்ல, வலிக்கிற நாளில் ஒன்றைப் போட்டு எழும்பி நடக்க. நாள் தவறாமல் எடுத்தால் மூன்றாம் கிழமையில்தான் கேட்கும். இதை மாசி மாதக் கடிதத்தில் எழுதியிருந்தேன். சித்திரையில் நிறுத்தச் சொன்னாய், நிறுத்தினேன். ஆடி அமாவாசையன்று ஒன்று போட்டிருக்கலாம் என்கிறாய்.

கிளினிக்கில் கண்ட அதே டொக்டர் வந்து என் மருந்துக் கொப்பியைப் பார்த்தார். "நல்லாத்தானே போனது அம்மா, ஏன் நிப்பாட்டினீங்க? ஆரும் சொன்னாங்களா?" என்று கேட்டார். நானாக நிறுத்தினேன் என்றேன். நோயாளி தானாகவே மருந்தை நிறுத்திவிட்டார் என்று கொப்பியில் எழுதிக்கொண்டார். அது பிழையான பதிவு. நான் திருத்தவில்லை. உன் பெயரை நான் சொல்லவில்லை.

திரும்பவும் அதே பத்து மில்லிகிராம் தந்திருக்கிறார்கள். முப்பது நாள் ஆகிறது. முன்பு கேட்டதைப் போல இப்போது கேட்கவில்லை. கூட்டித் தர வழியில்லையாம். இருதயத்தை எடுத்த படத்தில் ஏதோ கோளாறு. "பாப்பம் அம்மா" என்கிறார். அந்தச் சொல்லை நான் தபாற்கந்தோரில் இருபத்தாறு வருடம் சொல்லியிருக்கிறேன். அதன் கருத்து எனக்குத் தெரியும்.

வதனியைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

அக்கா


அமிர்தகழி,
18.11.2024

அன்புள்ள புனிதம்,

உன் சுகம் அறிய விரும்புகிறேன். கஜானியின் சுகமும்.

என் செப்டெம்பர்க் கடிதம் கிடைத்ததற்கு நீ வைத்த கையொப்பம் வந்திருக்கிறது. பதில் வரவில்லை. ரிஸ்கான் இப்போது படலைக்கு வந்து மணியடிப்பதில்லை. தூரத்திலேயே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். நான் கைத்தடியோடு வந்து ஏமாறக் கூடாது என்று நினைக்கிறார் போலும்.

போன வியாழக்கிழமை வதனி வந்தாள். இங்கே விட்டுப்போன புத்தகங்களை எடுக்க வந்தாளாம். உள்ளே வரவில்லை. நஸீபா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள். நான் விறாந்தை வரை போனேன். பிள்ளை நன்றாக மெலிந்து போயிருக்கிறாள். என் காற்கட்டைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள்.

"சாப்பிட்டாயா மகள்?" என்றேன்.

"ஒண்டு கேக்கவா பெரிய அம்மம்மா? நீங்க ஏன் மருந்து எடுக்கல்ல?"

கைத்தடியை மற்றக் கைக்கு மாற்றினேன்.

"அம்மம்மா எவ்வளவு கெஞ்சினாவாம், குளிசையப் போடுங்க போடுங்க எண்டு. நீங்கதான் மாட்டன் எண்டீங்களாம். உங்களுக்குப் பெருமை. படிச்ச பெருமை. கொன்வென்டுப் பெருமை. உங்கட பெருமையில என்ட வாழ்க்க போச்சு."

"அம்மம்மா அப்படியா சொன்னா?"

"ஓம். சொல்லிச் சொல்லி அழுறா. பாவம் மனிசி." பெட்டியை ஓட்டோவில் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "வீடும் வளவும் எனக்கு வேணாம். ஆருக்கும் குடுங்க."

புனிதம், நான் அவளுக்கு மறுமொழி சொல்லவில்லை. விசர் என்று பெயரெடுத்தவள் தன்னைப் பற்றிச் சொல்வதை யார் எடுப்பார்கள்? நீ சித்திரை மாதம் எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. அதை அவளிடம் நான் காட்ட மாட்டேன். அது என் பெயருக்கு வந்த கடிதம். அவளுக்கு நீ சொல்ல வேண்டியதை உன் கையெழுத்தைக் கொண்டு நான் சொல்லக் கூடாது. அதோடு, உன் பேச்சைக் கேட்டு நிறுத்தியவளும் நான்தான். உன் பங்கு எனக்குத் தெரியும். என் பங்கும் தெரியும்.

நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று யோசித்துப் பார்த்தேன். அவள் கோபம் விழ ஓர் இடம் வேண்டும். உன்மேல் விழுந்தால் நீ அந்த வீட்டில் இருக்க முடியாது. நான் இங்கே தனியாக இருக்கிறேன், எனக்கு என்ன என்று நினைத்திருப்பாய். விளங்குகிறது. ஆனால் அந்தப் பிள்ளை நாலு வருடம் என் கையால் சாப்பிட்டவள். எனக்கு இருந்தது அவள் ஒருத்திதான்.

இனி என் நிலை. மற்றக் காலிலும் கறுப்பு வந்திருக்கிறது. மார்கழி ஐந்தாம் திகதி வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்த முறை விரலோடு நிற்குமா என்று கேட்டேன். டொக்டர் கொப்பியை மூடி வைத்தார். குளிசையை நாள் தவறாமல் எடுக்கிறேன். எடுப்பதால் ஒன்றும் நடப்பதில்லை. சம்பந்தம் திரும்பி வராது என்பதும், விரல் முளைக்காது என்பதும் எனக்குத் தெரியும். அதையெல்லாம் உன்னிடம் கேட்கவில்லை.

ஒன்றைத்தான் கேட்கிறேன். அந்தக் குளிசை காலுக்குத் தந்தது என்பதையும், நீ கேட்டதால்தான் நான் அதை நிறுத்தினேன் என்பதையும் நீ வதனிக்குச் சொல்வாயா, மாட்டாயா? சொல்ல மாட்டாய் என்றால் அதையும் எனக்கு மறைக்காமல் எழுது. போனில் வேண்டாம், ஆளிடம் சொல்லியும் அனுப்ப வேண்டாம். மார்கழி ஐந்துக்கு முன் எனக்குக் கிடைக்கும்படி, திகதி இட்டு, எழுத்தில் பதில் அனுப்பு.

அக்கா,
மங்கையற்கரசி